ராசிபுரம் பஸ்ஸில் வந்த காளை

கால்நடைத் துறையில் புதிதாகக் காலெடுத்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி முகாமில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேச ஆரம்பித்தால் எங்கே போய் முட்டி நிற்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் எழுதித் தந்துவிடுகிறேன் என்றேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தலையில் பாதி முடி இன்னும் கறுப்பு. மாடுகளுக்குள் போய்ப் போய் வந்த இடது கைதான் எனக்கு முன்பே ஓய்வு கேட்டுவிட்டது.

எத்தனை டிகிரி, எந்த ஊசி, எவ்வளவு நேரம் என்பதற்கெல்லாம் உங்களுக்குப் பாடம் நடத்த ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பதற்றத்தைப் பற்றி. அந்தப் பாடத்தில் மட்டும் நான் மாவட்டத்திலேயே முதல் மாணவன்.

எண்பதுகளின் தொடக்கம். அதுவரை காளையின் விந்தை ஐஸில் வைத்து, பிளாஸ்கில் போட்டு, பஸ்ஸில் அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாளுக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். பஸ் ஸ்டிரைக் வந்தால் எங்கள் பக்கம் கலப்பினக் கன்று பிறக்காது, அவ்வளவுதான். பிறகு உறைவிந்து வந்தது. காற்றில் இருக்கிற நைட்ரஜனையே குளிரவைத்துத் தண்ணீர்போல ஆக்கி, அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களில் விந்தை முக்கி வைத்தால், வருஷக்கணக்கில் உயிரோடு தூங்கும். குழாய்க்கு ஸ்ட்ரா என்று பெயர். காளை செத்த பிறகும் அதற்குக் கன்று பிறந்துகொண்டே இருக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். "அப்போ சொத்தைப் பாகம் பிரிக்கறது எப்படிங்க சார்?" என்று கேட்டேன். வெளியே போகச் சொன்னார்கள். போனேன். அந்த வகுப்பின் மிச்சப் பாதியில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாமல் போனது அப்படித்தான்.

எனக்கு ராசிபுரத்தில் வேலை. வாரம் ஒருமுறை சேலத்துக்குப் போய், எங்கள் டாக்டரிடம் சின்ன கேன் ஒன்றில் நைட்ரஜனும் ஸ்ட்ராக்களும் நிரப்பிக்கொண்டு பஸ்ஸில் திரும்புவேன். அந்தக் கேனின் மூடி இறுக்கமாகப் பொருந்தாது. பொருந்தவும் கூடாது. உள்ளே நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது வெளியே போக வழி வேண்டும். இதை நான் படித்திருந்தேன். நன்றாகவே படித்திருந்தேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு நெய்க்கார அம்மா. சேலத்தில் நெய்யை ஊற்றிவிட்டு, காலி டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர். என் காலுக்கிடையில் இருந்த கேனை ஒரு பார்வை பார்த்தார்.

"அதுக்குள்ள என்ன சாமி?"

காளை விந்து என்று ஒரு பொம்பளையிடம், அதுவும் பஸ்ஸில், எப்படிச் சொல்வது? எனக்குக் கல்யாணமாகிப் புதிது வேறு. "மருந்துங்கம்மா" என்றேன்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மூடியின் ஓரத்தில் வெள்ளையாகப் புகை வந்தது.

"மருந்து பொகையுமா?"

"இது பொகையற மருந்துங்க."

கண்டக்டர் வந்துவிட்டார். "ஏனுங்க, அடுப்பையெல்லாம் பஸ்ஸுல ஏத்தப்படாதுங்க. எறங்கி அணைச்சுப்போட்டு வாங்க."

"அடுப்பில்லீங்க, ஐஸு."

"ஐஸுன்னா ஏன் பொகையுது?"

வண்டியில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் தீர்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுத்தில் இருந்த ஈரத் துண்டை எடுத்து மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். புகை நின்றது. கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் திருப்தியாகிப் போய்விட்டார். துண்டு உறைந்து கல்லாகி, அந்தக் குளிர் என் பின்புறத்தில் ஏற ஏற, படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் எழுந்தால் மறுபடி புகையும். புகைந்தால் மறுபடி கேட்பார்கள். உட்கார்ந்தே இருந்தேன்.

மல்லூர் தாண்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம். நான் சீட்டுகளுக்கு நடுவில் கிடந்தேன். கேன் உருண்டது. பஸ் முழுக்க வெண்மேகம். "குண்டு, குண்டு" என்று யாரோ கத்த, டிரைவர் பிரேக்கை மிதிக்க, ஜனங்கள் இரண்டு வாசலிலும் குதித்தார்கள். முதலில் குதித்தது யார் என்று கேட்காதீர்கள். கீழே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னிடம் நெய்க்கார அம்மா சொன்னார்:

"சாமி, உம்பட பாத்தரம் உள்ள கெடக்குது. நீ இங்க நிக்கறயே."

ஏறிப் போய்க் கேனை நிமிர்த்தி வைத்தேன். யாருக்கும் அடியில்லை. தரையில் நனைந்த அடையாளம்கூட இல்லை. கொட்டியதெல்லாம் காற்றோடு காற்றாகப் போயிருந்தது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. மிச்சம் இருக்கும் என்று நம்பிக்கொண்டேன். பதற்றத்தில் இருக்கிறவனுக்கு நம்பிக்கை தாராளமாக வரும்.

ராசிபுரத்தில் இறங்கினால், பால் சொசைட்டியில் எனக்குச் சேதி காத்திருந்தது. பாவாயியின் மாடு விடியற்காலையிலிருந்து சினைக்குக் கத்துகிறது, உடனே வர வேண்டும்.

பாவாயியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேற்கே ஒரு துண்டு மானாவாரிக் காடு, அதில் அவளும் அவள் புருஷன் சின்னுவும். வீட்டில் ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு. அதற்கு நான் இரண்டு தடவை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மழை இல்லாத வருஷம். சோளத்தட்டு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கறவையில்லாத மாட்டுக்குத் தட்டுப் போட எந்தச் சம்சாரிக்கும் மனம் வராது. சின்னுவைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்றும் இருந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளையில்லை. ஊரில் அதைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது.

நான் சைக்கிளை நிறுத்தும்போது வாசலில் மாட்டுத் தரகர் நின்றிருந்தார். அவர் துண்டுக்கு அடியில் சின்னுவின் கை. துண்டு மூடிய கைக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது சந்தைப் பழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். துண்டுக்குள் கை போய்விட்டால் பேச்சு பாதி முடிந்த மாதிரி.

"வாங்க ஊசிக்காரரே," என்றார் தரகர். "மூணாவது மொறையா? மலட்டு மாட்டுக்கு எதுக்குங்க இத்தன செலவு?"

கொட்டகைத் தூணைப் பிடித்து நின்றிருந்த பாவாயி அந்தச் சொல்லைக் கேட்டதும் முகத்தை மாட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாடு ஒருமுறை நீளமாகக் கத்தியது.

சின்னு கையை எடுக்காமலே சொன்னார்: "இந்த ஒரு தடவை பாத்துக்கறனுங்க. நிக்கிலீன்னா ஓட்டிக்கிட்டுப் போகட்டும்."

கொட்டகைக்குப் பின்னால் போய் மூடியைத் திறந்தேன். புகை இல்லை. அளவுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்தேன். நைட்ரஜன் இருந்தால் நனைந்த மட்டத்துக்கு வெள்ளைப் பனி பூக்கும். குச்சி விட்டது விட்டபடி வந்தது. கேன் காய்ந்து கிடந்தது. எவ்வளவு நேரமாக என்று யாருக்குத் தெரியும்.

ஸ்ட்ராக்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அதுதான் இந்தத் தொழிலின் கஷ்டம்: செத்த விந்தும் உயிருள்ள விந்தும் குழாய்க்குள் ஒரே மாதிரிதான் இருக்கும். போட்டுவிட்டுப் போனால் ஒருத்தருக்கும் தெரியாது. மூன்று வாரம் கழித்து மாடு மறுபடி கத்தும். தரகர் துண்டோடு வருவார். பழி மாட்டின்மேல்தான் விழும். ஆனால் இதையும் யோசித்தேன்: போடாமல் உண்மையைச் சொன்னால் மாடு இன்றைக்கே போய்விடும். போட்டுவிட்டால் அதற்கு மூன்று வாரமாவது தட்டு கிடைக்கும். பொய் சொல்லிக் காப்பாற்றுவது நல்ல காரியம்தானே? பதறும்போது என் மூளை வக்கீலாகிவிடும். எந்தப் பக்கமும் வாதாடும்.

வெளியே வந்தேன். முகத்தைப் பார்த்தே பாவாயி கேட்டாள்: "என்னாச்சுங்க?"

"கேன் கவுந்துபோச்சுங்க. பஸ்ஸுல. எம்மேலதான் தப்பு. உள்ள இருக்கறது செத்திருக்கும்னு நெனைக்கறேன். இதைப் போட்டா மாட்டை ஏமாத்தறதுங்க."

தரகர் வாய்விட்டுச் சிரித்தார். "காளையே பஸ்ஸுல செத்துப்போச்சா!"

சின்னுவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப இன்னைக்கு இல்லீங்களா?"

அந்த நிமிஷத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. ஊர் ஊராகப் போய் நானே சொல்லிவந்த பாடம் அது. விடியற்காலையில் கத்த ஆரம்பித்த மாட்டுக்குப் பொழுது சாயத்தான் ஊசி போட வேண்டும். அவசரமெல்லாம் எனக்குத்தான், மாட்டுக்கு இல்லை. "பொழுதோட வரைக்கும் நேரம் இருக்குதுங்க. சேலம் போய் வேற வாங்கிட்டு வந்தர்றேன்" என்றேன்.

சின்னு மாட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்தார். "பொழுதெறங்கற வரைக்கும் பாக்கறனுங்க" என்றார். தரகர் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். போகிற எண்ணமே இல்லை.

சேலத்தில் எங்கள் டாக்டரிடம் பஸ் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கேனிலிருந்த ஒரு ஸ்ட்ராவை வெந்நீரில் விட்டு எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பை என் பக்கம் தள்ளினார். குனிந்து பார்த்தேன். உயிருள்ளதென்றால் சந்தை நாள் கூட்டம்போல நெரிசலும் ஓட்டமுமாக இருக்கும். இது கடையடைப்பு நாள் கடைவீதி. ஒன்றுகூட அசையவில்லை.

"போடாமல் வந்தாயே, நல்லது," என்றார். "சரி, அந்த மாட்டுக்கு முதல் ரெண்டு தடவை போட்டியே, அப்போ கேன் நிறைய இருந்ததா?"

"இருந்துச்சுங்க சார்."

"ஸ்ட்ரா எப்படி எடுத்தே? எடுத்துக் காட்டு, பார்க்கலாம்."

அவருடைய கேனிலிருந்து எடுத்துக் காட்டினேன். எப்போதும் எடுப்பதுபோல. அதாவது, ஸ்ட்ராக்கள் இருக்கும் குவளையை முழுசாக வெளியே தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, எந்தக் காளை என்று ஸ்ட்ராவின் நிறம் பார்த்து, பார்த்துக்கொண்டே ஏதாவது பேசி... பழக்கம், தம்பிகளா. ஊரில் நான் கேனைத் திறந்தால் சுற்றி ஒரு கூட்டம் கூடும். புகை வரும். எனக்கு மேடை கிடைத்த மாதிரி இருக்கும். 'இந்தக் காளை வெளிநாட்டு மாப்பிள்ளை, வரதட்சணை வேண்டாம்' என்று ஆரம்பித்தால் சிரிப்பு அடங்கும்வரை குவளை என் கையில்தான்.

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே கீழே அழுத்தினார். குவளை கேனின் கழுத்துக்குள் இறங்கியது.

"இதற்கு மேலே வரக்கூடாது. கழுத்துக்குள்ளேயே வைத்து, இடுக்கியால் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, உடனே இறக்கிவிட வேண்டும். நீ வெளியே தூக்கிப் பிடித்துப் பேசினால், பேசி முடிப்பதற்குள் பாதி செத்துப்போகும். நாலு இடத்தில் நாலு கதை சொன்னால் குவளையில் இருக்கிற அத்தனையும் சாகும். வகுப்பில் சொல்லித்தந்தோமே?"

அந்த வகுப்பில் அப்போது நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேனை நிரப்பிக் கொடுத்து, "கதை சொல்லு, வேண்டாம்னு சொல்லலை. மூடிவிட்டுச் சொல்லு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். என்னையும் கேனையும் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "அய்யோ சாமி, மறுபடியுமா?"

வெட்கப்பட எனக்கு அன்றைக்கு மிச்சம் எதுவும் இல்லை. வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "இதுக்குள்ள காளை விந்து இருக்குதுங்க. ஜெர்சிக் காளை. மாட்டுக்கு ஊசி போட. பொகை வரும், வரட்டும், ஒண்ணும் பண்ணாது. கவுந்தாத்தான் கெடும்."

அவ்வளவுதான். முன்சீட்டில் ஒரு பெரியவர் திரும்பி, "ஜெர்சியா? திமில் இருக்குமுங்களா?" என்றார். பின்னால் ஒருத்தர், "எங்கூட்டுக்கு எப்ப வாரீங்க?" என்றார். கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆளை எழுப்பிவிட்டுக் கேனுக்கு இடம் கொடுத்தார். "பாத்துங்க, மாப்பிள்ளை உக்காந்திருக்காரு, இடிக்காதீங்க" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பள்ளம் வரும்போது முன்னாலிருந்து நாலு கை நீண்டு கேனைப் பிடித்துக்கொண்டது. காலையில் இதைச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பில் மனம் ஒட்டவில்லை. பஸ்ஸில் கொட்டியது ஒரு நாள் தப்பு, அதைச் சொல்லியாகிவிட்டது. முந்திய இரண்டு தடவையை என்ன செய்வது? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? வக்கீல் மறுபடியும் எழுந்துவிட்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். தரகர் எழுந்து துண்டை உதறினார். மாடு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. நான் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சின்னுவிடம் போனேன்.

"ஒண்ணு சொல்லோணுங்க. முன்னாடி ரெண்டு தடவையும் நிக்காதது மாட்டு மேல குத்தமா இருக்காது. நான் ஸ்ட்ராவை வெளிய தூக்கிப் புடிச்சுக்கிட்டுக் கதை பேசினனுங்க. அதுலயே செத்திருக்கும். எனக்கே இன்னைக்கு மத்தியானந்தான் தெரியும்."

சின்னு மாட்டின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"உங்க கதைக்கு நானும் சிரிச்சனுங்களே."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பாவாயி தூணைவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். மாட்டின் முதுகில் கையை வைத்தாள்.

தரகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் முப்பது சந்தை பாத்தவன். மாட்டு மேல பொய் சொல்லற ஆளுங்களத்தான் பாத்திருக்கறேன். தன்மேல தானே பழி போட்டுக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க மொதல்ல மாட்டப் பாருங்க" என்று நடையைக் கட்டினார்.

வேலையை ஆரம்பித்தேன். கேனைத் திறந்தேன். குவளையைக் கழுத்து மட்டத்தில் நிறுத்தி, இடுக்கியால் ஒன்றை எடுத்து, உடனே இறக்கி, மூடினேன். வெந்நீர், துப்பாக்கிபோல நீண்டிருக்கும் ஊசிக் கருவி, கையுறை. ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கம்பக்கத்திலிருந்து வந்தவர்கள் கதை வரும் வரும் என்று பார்த்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பாவாயிக்குப் பயம் பிடித்துவிட்டது. "ஏனுங்க சாமி, பேசவே மாட்டேங்கறீங்க? மாட்டுக்கு ஏதாச்சும்...?"

தலையை மட்டும் ஆட்டினேன். எல்லாம் முடிந்து கையை வெளியே எடுத்த பிறகுதான் வாயைத் திறந்தேன். "மாடு நல்லாருக்குதுங்க. எனக்குத்தான் இன்னைக்குப் பேச்சு வரலை."

இதில் உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். உங்கள் காலத்தில் இன்னும் என்னென்னவோ வரப்போகிறது. கருவையே ஒரு மாட்டிலிருந்து எடுத்து இன்னொரு மாட்டில் வைக்கிறார்களாம். வரட்டும். எந்தப் புதுசு வந்தாலும் அதை முதலில் கெடுப்பது அதைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளின் வெட்கமும் வாயும்தான். உங்கள் கேனில் என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் சத்தமாகச் சொல்லுங்கள். தப்பு நடந்தால், அது யார்மேல் போய் விழப்போகிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். மாட்டுக்கு வாய் கிடையாது, திருப்பிச் சொல்லாது. அது இருக்கிற வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சில சமயம் கிடையாது.

மூன்று வாரம் கழிந்தது. மாடு கத்தவில்லை என்று சொசைட்டியில் சேதி வந்தது. அதை மட்டும் நம்பக்கூடாது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, கையை விட்டுப் பார்த்துச் சொல்லப் போனேன்.

சின்னு மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாவாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை உள்ளே இருந்தது. விரல் நுனியில் கர்ப்பப்பை. ஒரு பக்கம் சின்னது. இன்னொரு பக்கம், தண்ணீர் நிரம்பிய பலூன்போலத் திரண்டு. ஒருமுறைக்கு இருமுறை தடவிப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு முறையும் தடவினேன்.

"என்னுங்க?" என்றார் சின்னு.

"சினைங்க."

சின்னு கயிற்றை விட்டுவிட்டார். எதையோ எடுப்பவர்போல வீட்டுக்குள் போனார், வெளியே வரவில்லை. பாவாயி மாட்டின் முன்னால் போய் நின்று, அதன் தாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"கேட்டுக்கிட்டயா சாமி?" என்றாள். "உம்மேல குத்தமில்லியாமா."